மலைவீட்டுக் கோழிகள்: அறிகுறி பார்த்துக் கோளாறு நீக்கும் வழிமுறை

கோத்தகிரி, குன்னூர்ப் பக்கத்து வீடுகளில் பத்துப் பதினைந்து கோழி வளர்ப்பவர்கள், கோழி சுணங்கியதும் முதலில் சொல்வது "குளிர் தாங்கவில்லை" என்பதுதான். உடனே கூட்டைச் சுற்றித் தார்ப்பாயை இறுக்கிக் கட்டிவிடுகிறார்கள். சில நாட்களில் கோளாறு இரட்டிப்பாகிறது. இறகு முழுதாக வளர்ந்த கோழிக்கு உலர்ந்த கூளமும், நேர்க்காற்று படாத உட்காரும் கழியும் இருந்தால் ஊட்டியின் உறைபனி இரவைக்கூட அது கடந்துவிடும். அதனால் தாங்க முடியாதது ஈரமும், ஈரத்தோடு அடைபட்டுக் கிடக்கும் காற்றும். கூடலூர், பந்தலூர்ப் பகுதியில் ஜூன் முதல் ஆகஸ்டு வரையிலும், கோத்தகிரி, குன்னூர், கொடைக்கானல் பகுதியில் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலும் வரும் கோளாறுகளில் பெரும்பாலானவற்றுக்கு மூலம் இதுவே.

## எந்த அறிகுறியாயினும் முதற்சோதனை

விடியற்காலையில் கூட்டைத் திறந்தவுடன் ஒரு கைப்பிடி கூளத்தை அள்ளி இறுக்கிப் பிடித்து, பின் விரல்களை விரிக்க வேண்டும். கூளம் உருண்டையாகவே நின்றால் ஈரம் மிகுதி. சற்றே ஒட்டி உடனே உதிர்ந்தால் சரியான பதம். பிறகு கோழியின் தலை உயரத்துக்குக் குனிந்து அரை நிமிடம் மூச்சு விட்டுப் பாருங்கள். கண் கரித்தாலோ தொண்டை கமறினாலோ அமோனியா வாயு தீங்கு செய்யும் அளவை எட்டிவிட்டது என்று கொள்ளலாம். நிமிர்ந்து நின்று முகர்ந்துவிட்டு "வாடை ஒன்றும் இல்லை" என்பது செல்லாது. கோழி மூச்சு விடுவது தரைக்கு ஒரு முழத்துக்குள்தான்.

இரண்டில் ஏதேனும் ஒன்று தவறினால், கீழே உள்ள எந்தப் பகுதிக்கும் போகுமுன் அதைச் சரிசெய்யுங்கள். நனைந்த கூளத்தை முழுவதும் வாரி எடுத்துவிட்டு, உமியோ மரம் இழைத்த சுருளோ நான்கு விரல் கனத்துக்குப் பரப்ப வேண்டும். மரஅறுவைக் கூடத்தில் கிடைக்கும் நுண்ணிய தூள் வேண்டாம். அது ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதோடு, குஞ்சுகள் அதைத் தீவனம் என்று தின்றும் விடும். ஈரக் கூளத்தின்மேல் சுண்ணாம்பைத் தூவுவது பரவலான பழக்கம். தூவியவுடன் அமோனியா இன்னும் வேகமாகக் கிளம்பும் என்பதால், அதைக் கோழிகளை வெளியே விட்டபின் கதவுகளைத் திறந்து வைத்துத்தான் செய்ய வேண்டும்.

## முட்டை குறைந்துவிட்டது அல்லது நின்றுவிட்டது

கோழி தெளிவாக இருக்கிறது, நன்றாகத் தின்கிறது என்றால்

முதலில் ஐயப்பட வேண்டியது தோட்டத்தை. மேயவிட்ட கோழி தேயிலைச் செடியின் அடியிலோ விறகு அடுக்கின் பின்னாலோ இடம் கண்டுவிட்டால் கூட்டுக்குள் முட்டையிட வராது. மூன்று நாட்கள் முற்பகல் பதினொரு மணி வரை கோழிகளை அடைத்து வைத்துப் பாருங்கள். முட்டை திரும்பக் கிடைத்தால் மருந்தும் தேவையில்லை, மருத்துவரும் தேவையில்லை. முட்டையிடும் பெட்டி இருட்டாகவும் உலர்ந்தும் இருந்தால் கோழி தானாகவே அங்கே திரும்பும்.

பெட்டிக்குள் மஞ்சள் கரு பட்டு வைக்கோல் ஒட்டியிருந்தால் கோழிகளில் ஒன்றே முட்டையைத் தின்கிறது. முட்டை தடயமின்றி மறைந்தால் சாரைப்பாம்பையோ கீரியையோ நினைக்க வேண்டும். ஒரு நாளில் இரண்டு மூன்று முறை முட்டையை எடுத்துவிடுவதே இரண்டுக்கும் எளிய தீர்வு.

அடுத்தது அடை. நாட்டுக்கோழி பன்னிரண்டு, பதினைந்து முட்டைகள் இட்டபின் அடைக்கு உட்காருவது அதன் இயல்பு. ஆண்டு முழுவதும் சேர்த்து 60 முதல் 80 முட்டைதான் அதனிடம் எதிர்பார்க்க முடியும். குஞ்சு வேண்டாம் என்றால், அடிப்புறம் கம்பி வலை உள்ள கூண்டைத் தரையிலிருந்து உயர்த்தி வைத்து, தீவனமும் தண்ணீரும் கொடுத்து, மூன்று நான்கு நாட்கள் அதில் விட்டால் அடை தெளியும். தண்ணீரில் முக்கி எடுப்பதும் மூக்கில் இறகைச் செருகுவதும் சமவெளியிலிருந்து வந்த வழக்கங்கள். முதலாவது மலைக்குளிரில் கோழியைக் கொல்லக்கூடும். இரண்டாவது வதை என்பதைத் தவிர வேறொன்றும் இல்லை.

கூட்டில் இறகு கொட்டிக் கிடந்து, கழுத்திலும் முதுகிலும் புதுக்குருத்து முளைத்திருந்தால் அது இறகுதிர்ப்பு. இரண்டு மூன்று மாதம் முட்டை இருக்காது. புண்ணாக்கு, கருவாட்டுத்தூள் போன்ற புரதத்தைக் கூட்டிக் கொடுத்துக் காத்திருப்பதைத் தவிர வழியில்லை.

மேற்கண்ட எதுவும் இல்லை, மாதமோ டிசம்பர், ஜனவரி என்றால் வெளிச்சத்தைக் கணக்கிடுங்கள். முட்டைக்கோழிக்கு நாளொன்றுக்கு 14 முதல் 16 மணி நேர ஒளி வேண்டும். நம் மலைகளில் டிசம்பரில் பகல் பதினொன்றரை மணிக்குச் சற்றுக் குறைவு. மேகமூட்டம் அதையும் மங்கலாக்குகிறது. ஒரு சிறு எல்.இ.டி. விளக்கை விடியலுக்கு முன் எரியவிட்டால் போதும். வாரத்துக்கு அரை மணி நேரமாகக் கூட்டிச் செல்ல வேண்டும். மாலையில் எரியவிட்டுச் சட்டென்று அணைத்தால், கழியேறாத கோழிகள் இருட்டில் தரையிலேயே தங்கிவிடும். பருவம் எட்டாத விடைக்கோழிகளுக்கு இந்தக் கூடுதல் ஒளி வேண்டாம்.

தீவனத்தையும் பாருங்கள். முட்டைக் கலப்பினக் கோழி ஒன்றுக்கு நாளுக்கு 110 முதல் 120 கிராம் முட்டைக்கோழித் தீவனம் தேவை. சோறும் குருணையும் மட்டும் போட்டால் கோழி கொழுக்குமே தவிர முட்டை வராது. மூட்டையில் பூசண வாடை அடித்தாலும், மக்காச்சோளம் கட்டி தட்டியிருந்தாலும் அதைக் காயவைத்துப் பயன்படுத்தக் கூடாது, ஏனெனில் வெயிலில் காய்ந்தாலும் பூசண நச்சு அழியாது. மழை மாதங்களில் மூன்று வாரத் தேவைக்கு மேல் வாங்காமல், மூட்டையைச் சுவரிலிருந்து விலக்கிப் பலகையின் மேல் வைப்பது நல்லது.

கோழி சுணங்கியிருக்கிறது என்றால்

இறகைப் பிரித்துக் குதத்தைச் சுற்றிப் பேன் இருக்கிறதா என்று பாருங்கள். நெஞ்செலும்பு கத்தி போல் துருத்தினால் குடற்புழுவாக இருக்கலாம். மேயும் கோழிகளுக்கு இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை குடற்புழு நீக்க மருந்து தேவைப்படும். மருந்து கொடுத்தபின் எத்தனை நாள் முட்டையை உண்ணக் கூடாது என்பதை மருந்தகத்தில் கேட்டுக்கொள்ள மறக்காதீர்கள். ஒரு கோழி மட்டும் வாலைத் தாழ்த்தி நிமிர்ந்து நின்று முக்கிக்கொண்டிருந்தால் முட்டை அடைபட்டிருக்கிறது. வெதுவெதுப்பான இடத்தில், அடிவயிறு நனையும்படி மிதமான வெந்நீரில் கால் மணி நேரம் உட்காரவைத்து, நன்றாகத் துவட்டிவிடுங்கள். சில மணி நேரத்தில் முட்டை வெளிவராவிட்டால் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். வயிற்றை அமுக்கி முட்டையைப் பிதுக்க முயன்றால் அது உள்ளேயே உடைந்துவிடும்.

மருத்துவரை அழைக்க வேண்டிய நிலை: இரண்டு மூன்று நாட்களுக்குள் எல்லாக் கோழிகளும் ஒருசேர முட்டையை நிறுத்தினாலோ, கோணல் முட்டைகளோடு இருமலும் சேர்ந்தாலோ காத்திருக்க வேண்டாம்.

## ஓடு மெல்லிய முட்டை, தோல் முட்டை

விடைக்கோழியின் முதல் சில முட்டைகள் இப்படி இருப்பது இயல்பு. மற்றவற்றுக்குக் கிளிஞ்சல் தூளைத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள். வேண்டியதைக் கோழியே தின்றுகொள்ளும். இரவில் மரநாய், நாய் முதலியவை கூட்டைச் சுற்றி வந்து மிரட்டியிருந்தாலும் மறுநாள் தோல் முட்டை வரும். பத்து நாளில் சரியாகவில்லை என்றால் முந்தைய பகுதியின் நோய் அறிகுறிகளைப் பாருங்கள்.

## குஞ்சுகள் குவிந்து கிடக்கின்றன, காலையில் அடியில் உள்ளவை செத்திருக்கின்றன

வளர்ந்த கோழியைப் பற்றிச் சொன்னது குஞ்சுக்குப் பொருந்தாது. இறகு முளைக்காத குஞ்சுக்குக் குளிரே முதல் எதிரி. முதல் வாரத்தில் 35 பாகை செல்சியஸ் வெப்பம் வேண்டும். பின்பு வாரத்துக்கு மூன்று பாகை வீதம் குறைத்துக்கொண்டு வரலாம்.

வெப்பமானி இல்லாவிட்டாலும் குஞ்சுகள் நிற்கும் விதமே சொல்லிவிடும். விளக்கின் அடியில் நெருக்கியடித்தால் சூடு போதவில்லை. விளக்கைவிட்டு விலகி வாய் திறந்து நின்றால் சூடு மிகுதி. எல்லாம் ஒரே பக்கமாக ஒதுங்கினால் எதிர்ப்பக்கத்திலிருந்து காற்று புகுகிறது. காற்று வரும் இடைவெளியை அடைத்தால் போதும், விளக்கை மாற்ற வேண்டியதில்லை.

குளிர்தான் என்று உறுதியானால் இந்த வரிசையில் பாருங்கள். முதலில் விளக்கு எது? எல்.இ.டி. விளக்கு வெளிச்சம் தருமே அன்றிக் குஞ்சுக்குப் போதுமான வெப்பம் தராது. குண்டு பல்போ அகச்சிவப்பு விளக்கோதான் பயன்படும். அதன் பிறகு அடைப்பின் வடிவம்: மூலை இருந்தால் அங்கே குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி மூச்சுத்திணறிச் சாகும் என்பதால், அட்டையையோ தகட்டையோ வட்டமாக வளைத்து வைக்க வேண்டும். மூன்றாவதாகத் தரை. சிமெண்டுத் தரையின் குளிர் கூளத்தையும் கடந்து ஏறும். அடியில் சாக்கு விரித்து அதன்மேல் கூளம் பரப்புங்கள். சமவெளியில் இரண்டு மூன்று வாரத்தில் விளக்கை எடுத்துவிடுவார்கள். இங்கே நான்கு, ஐந்து வாரமும், பனிக்காலத்தில் ஆறு வாரமும் இரவில் வெப்பம் தேவைப்படும். கீழே மேட்டுப்பாளையத்தில் குஞ்சு விற்பவர் சொன்ன நாள்கணக்கை அப்படியே பின்பற்றுவதால்தான் இங்கே மூன்றாவது வாரத்தில் சாவு கூடுகிறது என்பது என் எண்ணம்.

மழைக்காலத்தில் மரம் விழுந்து மின்சாரம் போவது மலையில் புதிதன்று. வெந்நீர் நிரப்பிய கேன்களைச் சாக்கில் சுற்றி அடைப்புக்குள் வைத்தால் சில மணி நேரம் சமாளிக்கலாம். மூடிய அறைக்குள் கரி அடுப்பு வைப்பதை மட்டும் எக்காரணம் கொண்டும் செய்யாதீர்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு குஞ்சுகளை மட்டுமல்ல, அதே கூரையின் கீழ் உறங்கும் மனிதரையும் கொல்லும்.

பேருந்தில் மலையேறி வந்த குஞ்சுகளின் குதத்தில் எச்சம் ஒட்டிக் காய்ந்திருந்தால், வழியில் குளிர் தாக்கியிருக்கிறது. வெந்நீரில் நனைத்த துணியால் மெல்லத் துடைத்து உலர்த்தி, வெல்லம் கரைத்த வெதுவெதுப்பான தண்ணீரை முதலில் கொடுத்து, அதைக் குடித்தபின் தீவனம் வைக்க வேண்டும். வெப்பத்தைச் சரிசெய்த பின்னும் இரண்டாம் நாள் சாவு தொடர்ந்தால் செத்த குஞ்சுகளை எடுத்துக்கொண்டு கால்நடை மருந்தகத்துக்குச் செல்லுங்கள்.

## இருமல், தும்மல், மூச்சில் கரகரப்பு

கண்ணில் நீர் மட்டும், காலையில் மிகுதி, மேயவிட்டால் குறைகிறது: இது அமோனியா. கூளத்தை மாற்றிவிட்டு, கூரைக்குச் சற்றுக் கீழே எதிரெதிர்ப் பக்கங்களில் ஒரு சாண் அகலத் திறப்பு விட்டுக் கம்பி வலை அடியுங்கள். தார்ப்பாயை உட்காரும் கழியின் உயரம் வரை மட்டும் கட்டினால், காற்று கோழியின்மேல் வீசாமல் தலைக்கு மேலாகக் கடந்துபோகும். தகரக் கூரையின் உட்புறம் விடிகாலையில் நீர் கோத்துச் சொட்டினால் திறப்பு இன்னும் போதவில்லை என்று பொருள்.

முகம் ஒருபக்கம் வீங்கி, மூக்கில் நாற்றமுள்ள சளி: தொற்று. அந்தக் கோழியை உடனே தனியே வைத்து, தண்ணீர்த் தொட்டியைக் கழுவி வெயிலில் காயவைத்து, மருத்துவரை அழையுங்கள். மருந்துக் கடையில் மனிதருக்கான நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரையை வாங்கிப் பொடித்துப் போடுவது நோயை மறைக்குமே தவிர நீக்காது.

கொண்டையிலும் கண்ணோரத்திலும் கொப்புளம், பின்பு பொருக்கு: கோழி அம்மை. கொசு பரப்புவது; கூட்டருகே தேங்கிய நீரை அகற்றுங்கள். பொருக்கைப் பிய்க்க வேண்டாம். வாய்க்குள்ளும் புண் பரவி உணவு எடுக்காவிட்டால் மருத்துவர் தேவை.

கழுத்தை முறுக்கி, பச்சைக் கழிச்சலும் சேர்ந்தால்: அடுத்த பகுதியின் கடைசிப் பத்தியைப் பாருங்கள்.

## கழிச்சல்

எச்சம் தண்ணீராக இருந்தாலும் கோழி சுறுசுறுப்பாக இருந்தால், முட்டைக்கோசு, முள்ளங்கிக் கழிவை அளவுக்கு மேல் போட்டிருக்கிறோமா என்று பாருங்கள். ஒருநாள் நிறுத்தினால் சரியாகும். காரட், உருளைத் தோட்டங்களில் மேய்ந்து வந்த கோழிகள் பல ஒரே நேரத்தில் வாயில் நீர் வடிய விழுந்தால் அது கழிச்சல் நோயன்று, பூச்சிக்கொல்லி நஞ்சு. அன்று தோட்டத்தில் என்ன மருந்து அடித்தார்கள் என்பதைக் கேட்டுக்கொண்டு உடனே மருத்துவரைத் தொடர்புகொள்ளுங்கள்.

மூன்று முதல் எட்டு வாரக் குஞ்சுகள் இறகைச் சிலிர்த்துக்கொண்டு குறுகி நின்று, எச்சத்தில் இரத்தம் காணப்பட்டால் இரத்தக் கழிச்சல். ஈரக் கூளத்தில் வளரும் ஒட்டுண்ணியால் வருவது. மருத்துவர் எழுதித்தரும் ஆம்ப்ரோலியம் போன்ற மருந்தைத் தண்ணீரில் கலந்து கொடுப்பதோடு, அன்றே கூளத்தையும் மாற்ற வேண்டும். இரண்டில் ஒன்றை மட்டும் செய்தால் நோய் திரும்ப வரும்.

பச்சையும் வெள்ளையுமான கழிச்சல், வாய் திறந்து மூச்சு, இறக்கை தொங்கல், கழுத்து முறுக்கல், அடுத்தடுத்துச் சாவு: இது இராணிக்கெட் எனப்படும் வெள்ளைக் கழிச்சல். இதற்கு மருந்து இல்லை, தடுப்பூசி மட்டுமே உண்டு. குஞ்சுக்கு ஏழாம் நாள் வாக்கில் லசோட்டா சொட்டு மருந்தும், எட்டாம் வாரத்தில் இறக்கையில் தோலுக்கடியில் ஊசியும் போட வேண்டும். கால்நடை பராமரிப்புத் துறை ஆண்டுதோறும் பிப்ரவரியில் நடத்தும் இலவச முகாமை நம்பியிருக்கலாம். ஆனால் இடையில் பொரிக்கும் குஞ்சுகளுக்குத் தனியே கேட்டுப் பெற வேண்டும். தடுப்பு மருந்தைப் பனிக்கட்டி வைத்த பிளாஸ்கில்தான் கொண்டுவர வேண்டும். மலையில் குளிராகத்தானே இருக்கிறது என்று சட்டைப்பையில் போட்டு வந்தால் மருந்து செத்துவிடும். நோய் கண்ட வீட்டில் ஊசி போட்டுப் பயனில்லை. நோயற்ற கோழிக்கு மட்டுமே போட வேண்டும்.

## இறைச்சிக்கோழியின் வயிறு வீங்கி, கொண்டை நீலம் பாரிக்கிறது

பிராய்லர் குஞ்சு வாங்கி வளர்க்கும் மலைவாசிகளுக்கு இது நன்றாகத் தெரிந்த தொல்லை. சமவெளிப் பண்ணையாளரிடம் கேட்டால் பெரும்பாலும் விளங்காது. நான்கு முதல் ஆறு வாரத்தில், நன்றாக எடைபோட்ட கோழிதான் முதலில் விழும். வயிற்றைத் தொட்டால் தண்ணீர்ப் பை போல் தளும்பும். சற்று ஓடவிட்டாலும் மூச்சு வாங்கும். செத்ததை அறுத்தால் மஞ்சள் நீர் கொட்டும், இதயத்தின் வலப்பக்கம் பெருத்திருக்கும். குன்னூர் 1,850 மீட்டர், ஊட்டி 2,240 மீட்டர், கொடைக்கானல் 2,130 மீட்டர் அளவில் உயரத்தில் இருக்கின்றன. இந்த உயரத்தின் மெல்லிய காற்றில், வேகமாக வளரும் உடலுக்கு வேண்டிய உயிர்வளியைத் தர இதயமும் நுரையீரலும் திணறுகின்றன. குளிர் அந்தச் சுமையைக் கூட்டுகிறது. இது ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தொற்றாது.

விழுந்த கோழியைக் காப்பாற்ற இயலாது. மிச்சமுள்ளவற்றுக்குச் செலவில்லாத வழி, வளர்ச்சியின் வேகத்தைக் குறைப்பது: குச்சித் தீவனத்துக்குப் பதிலாகத் தூள் தீவனம், இரண்டாம் வாரத்திலிருந்து இரவில் தீவனத் தொட்டியை எடுத்துவிடுதல். அடுத்து, இரவு வெப்பத்தை ஆறாம் வாரம் வரை நீட்டுவதும், கூட்டின் மேல் திறப்பைப் பெரிதாக்குவதும். தண்ணீரிலோ தீவனத்திலோ உப்பு கூடியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். இவ்வளவுக்குப் பின்னும் சாவு நிற்காவிட்டால் இனத்தை மாற்றுங்கள். மெல்ல வளரும் வனராஜாவோ நாட்டுக்கோழியோ தட்டில் விழ இன்னும் சில வாரங்கள் ஆகும். ஆனால் இந்த உயரத்தில் வளர்த்த கணக்கு நட்டத்தில் முடியாது. நலங்குன்றிய கோழியை அறுத்து உண்ணக் கூடாது.

இரண்டு வயது கடந்த முட்டைக்கோழியின் வயிறு இப்படி வீங்கினால் அது வேறு. பெரும்பாலும் முட்டை உள்ளேயே வயிற்றறைக்குள் விழுந்து அழற்சி ஆனது. அதை மருத்துவரிடம் காட்டுங்கள்.

## மாலையில் கோழி கூட்டுக்குள் போக மறுக்கிறது

இரவு ஒன்பது மணிக்கு மேல் விளக்கோடு சென்று, கழியின் அடிப்புறத்தையும் மூட்டுச் சந்துகளையும் வெள்ளைத் தாளால் தேய்த்துப் பாருங்கள். தாளில் சிவப்புக் கோடு விழுந்தால் செவ்வுண்ணி. பகலில் மரச்சந்தில் ஒளிந்து இரவில் இரத்தம் குடிப்பது அதன் வழக்கம். கழிகளைக் கழற்றிக் கொதிநீர் ஊற்றி, சந்துகளைச் சுண்ணாம்புக் குழம்பால் அடைக்கவும். குளிக்க உலர்ந்த மண்ணும் விறகுச் சாம்பலும் கலந்த குழியைக் கூரையின் கீழ் அமைக்கவும். தோட்டத்துப் பூச்சிக்கொல்லியைக் கோழியின்மேல் அடிப்பது கோழிக்கும் முட்டை உண்பவருக்கும் கேடு. கொண்டை வெளுக்கும் அளவுக்கு முற்றியிருந்தால் மருத்துவர் தரும் மருந்துதான் வழி.

உண்ணி இல்லை என்றால், உள்ளே பாம்போ பெருச்சாளியோ இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கையை விட வேண்டும்.

## இரவில் கோழி காணாமற்போகிறது

கதவு அல்லது வலை பிய்ந்திருந்து, தலையற்ற உடல் கிடந்தால் மரநாயோ கீரியோ. ஒன்றும் மிச்சமின்றி இறகு மட்டும் சிதறியிருந்தால் காட்டுப்பூனையோ சிறுத்தையோ. அறுகோண வலை கோழியை உள்ளே நிறுத்துமே தவிர விலங்கை வெளியே நிறுத்தாது. அரை அங்குலக் கட்டங்கள் கொண்ட பற்றவைத்த வலையை அடித்து, தரைக்குள்ளும் ஒரு அடி இறக்க வேண்டும். தாழ்ப்பாளுக்குப் பூட்டு போடுங்கள். கோத்தகிரி, குன்னூர்ப் பகுதியில் கூடு முழுவதும் உடைபட்டுத் தீவன மூட்டை கிழிந்திருந்தால் கரடிதான். அதற்கு வலை போதாது, தீவனத்தை இரவில் கூட்டில் வைக்காமல் இருப்பதே காப்பு. கண்ணியோ நஞ்சோ வைப்பது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். சிறுத்தை, கரடியின் தடம் கண்டால் வனத்துறைக்குச் சொல்லிவிட வேண்டும்.

## திடீர்ச் சாவு

ஒரே நாளில் இரண்டு மூன்று கோழிகள் முன்னறிகுறி இன்றிச் செத்தாலோ, தலை வீங்கிக் கொண்டை கறுத்துச் செத்தாலோ எந்தச் சோதனையும் நீங்கள் செய்ய வேண்டாம். பறவைக்காய்ச்சலாகவும் இருக்கக்கூடும் என்பதால் அறுக்கவோ விற்கவோ, சாக்கடையிலும் ஓடையிலும் எறியவோ கூடாது. மற்றக் கோழிகளை அடைத்து வைத்து, அருகிலுள்ள கால்நடை மருந்தகத்துக்குத் தெரிவியுங்கள். பரிசோதனைக்குக் கேட்டால், இறந்த கோழியை வெறுங்கையால் தொடாமல் இரண்டு பைகளில் கட்டி, பனிக்கட்டியோடு பெட்டியில் வைத்து அன்றே ஒப்படைக்க வேண்டும். உறைவிப்பானில் வைத்து உறைந்துபோன உடலில் நோய்க்குறிகளைக் காண்பது கடினம். மற்றவற்றை மருத்துவர் சொல்லும் முறைப்படி, நீர்நிலைக்கு எட்டாத மேட்டில் ஆழமாகக் குழிதோண்டிச் சுண்ணாம்பிட்டுப் புதைக்கவும். கூட்டைக் கழுவிக் காயவைத்தபின் புதுக்கோழி விடும் நாளையும் அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். மழைக்காலமாக இருந்தால் கூடு முழுமையாக உலர்வதற்கே கூடுதல் வாரங்கள் பிடிக்கும்.